நிக்கலின் மேற்பரப்பிற் காபன்

வயலிலே பயிருக்கு இடப்படும் யூரியா அமோனியாவினின்று ஆக்கப்படுவது. அமோனியாவோ நைதரசனும் ஐதரசனும் கூடிப் பிறப்பது. நைதரசன் வளிமண்டலத்தில் வேண்டியவளவு உண்டு. ஐதரசனை முயன்றே பெறல்வேண்டும். இன்று அமோனியாவுக்கென ஆக்கப்படும் ஐதரசனிற் பெரும்பகுதி, இயற்கைவாயுவிலுள்ள மெதேனை நீராவியோடு கலந்து, செந்தணலெனக் காய்ந்த குழாய்களினூடே நிக்கலுலோகத்தின்மேற் செலுத்துவதனாற் கிடைக்கின்றது. ஆகவே உலக மக்கள் உண்ணும் உணவில் ஒரு கணிசமான பங்கு, அக்குழாய்களில் அடைக்கப்பட்டுள்ள நுண்ணிய நிக்கற்றுணிக்கைகளின் தொழிலை நம்பியிருக்கின்றது எனல் மிகையாகாது.

இந் நிக்கலுக்குப் பெரும் பகையொன்று உண்டு. அப்பகை புறத்தேயிருந்து வருவதன்று. நிக்கல் செய்யும் நற்றொழிலினின்றே பிறப்பது. மெதேனின் மூலக்கூற்றை உடைத்து ஐதரசனை விடுவிக்கும் அதே நிக்கல், எஞ்சிய காபனைத் தன்மேல் ஏற்றுக்கொள்கின்றது. அக்காபன் உடனுக்குடன் நீங்குமாயின் தொழில் இடையறாது நடைபெறும். நீங்காது தங்கிப் பெருகுமாயின், துணிக்கைகள் கரியால் மூடப்படும், அவற்றைத் தாங்கும் மட்பாண்டம் போன்ற உருளைகள் நொறுங்கும், குழாய்கள் அடைபடும், அடைபட்ட பகுதி அளவிறந்து காய்ந்து குழாயே வெடித்தலுங் கூடும். ஆதலின், நிக்கலின்மேற் காபன் எவ்விடத்தில், எவ்வாறு, எந்நிலையில் உருவாகின்றது என்னும் வினா ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. ஏறக்குறைய ஒன்றேகால் நூற்றாண்டாக இரசாயன அறிஞரின் கருத்தை ஈர்த்துவந்துள்ள இவ்வினாவுக்கு, அணுக்களையே நேரிற் காணும் கருவிகள் தோன்றிய பின்னரே தெளிவான விடை கிடைக்கலாயிற்று.

நிக்கலுக்கும் காபனுக்கும் உள்ள இவ்வுறவை முதலில் உலகறியச் செய்தவை ஒரு தொழிற்சாலையின் பழுதுற்ற வால்வுகளாகும். லுட்விக் மொண்ட் என்பார் இங்கிலாந்தின் செசயர்ப் பகுதியில் வின்னிங்டன் என்னுமிடத்திற் சோடாத் தொழில் நடத்தியவர். அமோனியங் குளோரைட்டின் ஆவி செல்லும் வழியில் அவர் அமைத்த நிக்கல் வால்வுகள், ஆய்வுகூடத்திற் குற்றமின்றி இயங்கியிருந்தும், தொழிற்சாலையில் விரைவிற் கெட்டுக் கசியத் தொடங்கின. அவற்றின்மேற் கரிய படிவு காணப்பட்டது. காரணத்தை ஆராய்ந்தபொழுது, ஆய்வுகூடத்திற் பயன்பட்ட காபனீரொட்சைட்டுத் தூயது என்பதும், தொழிற்சாலையிற் சூளையினின்று பெறப்பட்டதிற் காபனோரொட்சைட்டுச் சிறிதளவு கலந்திருந்தது என்பதும் புலனாயின. நிக்கலின்மேற் காபனோரொட்சைட்டு மூலக்கூறுகள் இரண்டு தாக்கமுறுங்கால், ஒன்றன் ஒட்சிசனை மற்றது பெற்றுக் காபனீரொட்சைட்டாகி அகல, எஞ்சிய காபன் உலோகத்தின்மேற் படிகின்றது.

இதனை மேலும் ஆராய்ந்த மொண்ட், லாங்கர், குயிங்கே ஆகிய மூவரும் எதிர்பாராத வேறொன்றையுங் கண்டனர். நுண்டூளான நிக்கலின்மேற் காபனோரொட்சைட்டைச் செலுத்தி, வெளிவரும் வாயுவை எரித்தபொழுது, கருவி குளிருந்தோறும் சுவாலை ஒளிமிக்கதாயிற்று. அவ்வாயு சென்ற கண்ணாடிக் குழாயைச் சூடாக்கியபொழுது அதன் உட்புறத்தில் நிக்கல் கண்ணாடிபோற் படிந்தது. திண்மையான உலோகம் 43 பாகை சதமவளவையிற் கொதிக்கும் திரவமொன்றாக மாறியிருந்தது. நிக்கற்காபனைல் எனப்படும் அப்பொருளைப் பற்றி அவர்கள் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி, நிக்கலைத் தூய்மையாக்கும் புதுத் தொழிலுக்கு வித்தாயிற்று. அத்தொழிலுக்கென வேல்சு நாட்டின் கிளிடாக் என்னுமூரில் 1902ஆம் ஆண்டில் ஆலை எழுந்தது. கேடெனத் தோன்றிய ஒன்றை ஆராய்ந்தார்க்கு அக்கேட்டினுள்ளேயே பயன் கிடைத்தமை கருதற்பாலது. நிக்கலுங் காபனும் பற்றிய பிற்கால வரலாற்றிலும் இவ்வாறே நிகழ்ந்திருத்தலைக் காணலாம்.

பிரான்சு நாட்டிற் போல் சபாற்றியே என்பார் செண்டெரன்சு என்பாரோடு சேர்ந்து 1897ஆம் ஆண்டு முதல் நிக்கலை ஊக்கியாகக் கொண்டு ஆராய்ச்சிகள் நடத்தினார். காபனோரொட்சைட்டும் ஐதரசனும் நிக்கலின்மேல் மெதேனாகவும் நீராகவும் மாறுதலை 1902ஆம் ஆண்டில் இருவரும் காட்டினர். சபாற்றியேக்கு 1912ஆம் ஆண்டில் நோபெற் பரிசு கிடைத்தது. ஊக்கி என்பது தாக்கமொன்றை விரைவுபடுத்துவது. தாக்கத்தின் திசையைத் தீர்மானிப்பது அன்று. ஆகவே மெதேனைக் கட்டவல்ல நிக்கல் அதனை உடைக்கவும் வல்லதாதல் இயல்பு. வெப்பநிலையை 700 முதல் 900 பாகை வரை உயர்த்தி, நீராவியை மிகுதியாகச் சேர்ப்பின், சபாற்றியே கண்ட தாக்கம் எதிர்த்திசையில் நடைபெறும். அப்பொழுது மெதேன் ஒரு மூலக்கூறும் நீர் ஒரு மூலக்கூறும் அழிந்து, காபனோரொட்சைட்டு ஒரு மூலக்கூறும் ஐதரசன் மூன்று மூலக்கூறுகளும் தோன்றுகின்றன. ஐதரசனாக்கும் தொழிற்சாலைகளின் அடிப்படை இதுவேயாகும்.

இத்தாக்கம் நடைபெறும் களம் நிக்கலின் மேற்பரப்பு. அம்மேற்பரப்பின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். நிக்கற்பளிங்கில் அணுக்கள், கடையிலே தோடம்பழங்களைக் கூம்பாக அடுக்கிவைத்தாற்போல நெருக்கமாக அடுங்கியுள்ளன. அடுத்தடுத்த இரண்டு அணுக்களின் மையங்களுக்கிடையேயுள்ள தூரம் 0.249 நனோமீற்றர். நனோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்திலட்சத்தில் ஒரு பங்காகும். உலோகத்தின் உள்ளேயுள்ள ஒவ்வோரணுவுக்கும் பன்னிரண்டு அயலணுக்கள் உண்டு. மேற்பரப்பிலுள்ள அணுவுக்கு மேற்புறத்தில் அயலார் இல்லை. மிக நெருக்கமாக அடுங்கிய தளத்தில் அயலணுக்கள் ஒன்பதே. அவ்வாறு அயலார் குறைந்த அணு, வெளியேயிருந்து வரும் அணுக்களோடு பிணைய ஏற்ற நிலையில் இருப்பது. மேற்பரப்பு தாக்கங்களுக்குக் களமாவதன் காரணம் இதுவே.

எத்துணை மெருகிடப்பட்டதாயினும் உலோகத்தின் மேற்பரப்பு முழுவதும் சமதளமாக இருப்பதில்லை. அணுவளவில் நோக்கின் அது கேணியின் படிக்கட்டைப் போன்றது. அகன்ற தளமொன்று, பின் ஓரணு உயரமுள்ள படி, பின் வேறொரு தளம் என அது அமைந்துள்ளது. படியின் விளிம்பில் நிற்கும் அணுவுக்கு அயலணுக்கள் ஏழே உள. படிவிளிம்பு நேராகச் செல்லாது மடங்குமிடத்தில் உள்ள அணுவுக்கு ஆறே. தளத்தினும் விளிம்பும், விளிம்பினும் முடக்கும் தாக்கத்திறன் மிக்கவை. இப்படிகளை விஞ்ஞானிகள் நெடுங்காலம் கருத்தளவிலேயே கொண்டிருந்தனர். சூரிச்சு நகரில் ஐ.பீ.எம். ஆய்வுகூடத்திற் பினிக், றோறர் என்னும் இருவர் 1981ஆம் ஆண்டில் அமைத்த வருடல் நுணுக்குக்காட்டி, கூரிய உலோக முனையொன்றை மேற்பரப்பின்மேல் ஓரிரு அணு உயரத்தில் ஊர்ந்துசெல்லச் செய்து, அணுக்களின் மேடுபள்ளங்களைப் படமாக்கிக் காட்டிற்று. இருவரும் 1986ஆம் ஆண்டில் நோபெற் பரிசிற் பங்கு பெற்றனர். அது முதல், நிக்கலின் படிகளும் அவற்றிற் காபன் சேரும் முறையும் கட்புலனாகும் பொருள்களாயின.

இனி, மெதேன் மூலக்கூறு உடையும் முறை காண்க. மெதேனிற் காபனணு நடுவே இருக்க, ஐதரசனணுக்கள் நான்கும் நாற்புறமும் அதனை மறைத்து நிற்கின்றன. அதனால் அது எளிதில் எதனோடும் தாக்கமுறாத வாயுவாக உள்ளது. ஒரு ஐதரசனணுவை அதனினின்று பிரிப்பதற்கு மூல் ஒன்றுக்கு ஏறக்குறைய 440 கிலோயூல் சக்தி வேண்டும். நிக்கலின்மேலோ வேண்டப்படும் ஏவற்சக்தி ஏறக்குறைய 100 கிலோயூலாகக் குறைகின்றது. காபனும் ஐதரசனும் பிரியும் அதே கணத்தில் நிக்கல் இரண்டையும் பற்றிக்கொள்ளுதலே இதன் காரணம். ஆயினும், காபன் நிக்கலை அணுகவேண்டுமாயின் அதனைக் கவிந்துநிற்கும் ஐதரசன்கள் விலகி, மூலக்கூறு தட்டையாதல் வேண்டும். அமெரிக்காவின் மசச்சூசெற்சுத் தொழினுட்ப நிலையத்திற் சில்வியா சேயர் என்பாரும் அவர்தங் குழுவினரும் 1980களில், மெதேன் மூலக்கூறுகளை மிக்க வேகத்தோடு நிக்கற்பளிங்கின்மேல் எறிந்து இதனை ஆராய்ந்தனர். வேகம் மிகுந்தோறும், மூலக்கூற்றின் உள்ளதிர்வு மிகுந்தோறும் உடைவும் மிகுதல் கண்டனர். நிக்கலின்மேல் அமைதியாகத் தங்கிய மெதேனை வேறொரு வாயுவின் அணுக்களால் மேலிருந்து அடித்தும் உடைத்துக் காட்டினர். சம்மட்டியால் அடித்துத் தட்டையாக்குதல் போன்றது இது.

முதலாவது ஐதரசன் நீங்கியபின் எஞ்சியவையும் ஒன்றன்பின் ஒன்றாக நீங்க, ஈற்றிற் றனிக் காபனணு நிக்கலின்மேல் நிற்கும். அஃது அணுக்களின் உச்சியில் அமர்வதில்லை. அணுக்கள் கூடுமிடத்துள்ள குழியையே நாடுகின்றது. நெருங்கிய தளத்தில் மூன்று நிக்கலணுக்களுக்கு இடையேயுள்ள குழியும், சதுரத் தளத்தில் நான்கு அணுக்களுக்கு இடையேயுள்ள குழியும் அதற்கு இருப்பிடமாகின்றன. சதுரத் தளத்தில் நிக்கலணுக்கள் இரண்டுக்குக் காபனணு ஒன்று என்ற அளவிற் காபன் நிரம்புங்கால் வியப்பான மாற்றமொன்று நிகழ்கின்றது. இங்கிலாந்தின் வோறிக் பல்கலைக்கழகத்தார் 1979ஆம் ஆண்டில் இலத்திரன் கோணல் முறையால் இதனைக் கண்டனர். ஒவ்வொரு காபனணுவையுஞ் சூழ்ந்துள்ள நான்கு நிக்கலணுக்களும் சிறிது திரும்புகின்றன. ஒரு நாற்கூட்டம் கடிகார முள் செல்லும் திசையிலும், அதற்கடுத்த நாற்கூட்டம் எதிர்த்திசையிலும் திரும்புகின்றன. காபன் இன்னும் ஆழமாக இறங்கியமர இடங்கொடுத்தற்பொருட்டு உலோகமே தன் அடுக்கை நெகிழ்த்துக்கொள்ளுதல் இதுவாகும். ஊக்கி தான் மாறாது பிறவற்றை மாற்றும் என்னும் பழைய விளக்கம், தாக்கத்தின் தொடக்கத்தையும் ஈற்றையும் ஒப்பிடுங்கால் மட்டுமே பொருந்தும். தாக்கம் நடைபெறும் வேளையில் ஊக்கியும் அசைந்து இடம்மாறுகின்றது.

இவ்வாறு நிக்கலின்மேல் வந்த காபனணுவுக்கு முன்னே பல வழிகள் திறந்துள்ளன. நீராவி உடைந்து தந்த ஒட்சிசனோடு கூடிக் காபனோரொட்சைட்டாக வெளியேறுதல் ஒன்று. தொழிற்சாலை வேண்டுவது இதனையே. ஐதரசனோடு மீளக் கூடி மெதேனாதல் மற்றொன்று. நிக்கலோடு பிணைந்து மேற்பரப்பிற் காபைட்டு என்னும் சேர்வையாதல் மூன்றாவது. மேற்பரப்பினின்று இறங்கி, உலோகத்தினுள்ளே நிக்கலணுக்களின் இடைவெளிகளிற் புகுந்து கரைதல் நான்காவது. நிக்கலும் காபனும் சேர்ந்து உருகத் தொடங்கும் 1326 பாகையில், நிறையளவில் ஏறக்குறைய 0.6 சதவீதம் காபன் திண்ம நிக்கலிற் கரையும். ஐந்தாவது வழி, காபனணுக்கள் தம்முள் இணைந்து அறுகோண வலையான தகடாதல். அத்தகடுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்டதே காரீயம். பென்சிலின் கூராக அனைவரும் அறிந்ததும், இலங்கையிற் போகலை, ககட்டகக ஆகிய இடங்களிற் சுரங்கமிட்டு எடுக்கப்பட்டு வந்துள்ளதும் அப்பொருளேயாகும்.

முதல் நான்கு வழிகளினின்றும் காபன் மீளக்கூடும். ஐந்தாவதிற் புகுந்த காபன் எளிதில் மீளாது. அறுகோண வலையில் ஒவ்வொரு காபனணுவும் மூன்று அயற்காபன்களோடு வன்மையாகப் பிணைந்துள்ளமையால், அத்தகடு தொழிற்சாலையின் வெப்பநிலையிலும் நிலைபெறுகின்றது. ஆகவே ஊக்கியின் வாழ்வும் சாவும் ஒரு போட்டியிலே தங்கியுள்ளன. தனிக் காபனணுவை ஒட்சிசன் முந்திப் பற்றுமாயின் ஊக்கி வாழும்; காபனணுக்கள் பல ஒன்றுகூடி வலையாகுமாயின் ஊக்கி மடியும்.

அவ்வலை எவ்விடத்திற் றொடங்குகின்றது? மழைத்துளி தூசித்துணிக்கையைக் கருவாகக் கொள்ளுதல்போலக் காபன் வலைக்கும் கருவொன்று வேண்டும். ஓரிரண்டு காபனணுக்கள் சேர்ந்த சிறு கூட்டம் நிலையற்றது. அதன் விளிம்பிலுள்ள அணுக்கள் பிணைப்பு நிரம்பாது நிற்றலே காரணம். அவ்விளிம்பிற்குத் துணையாக நிற்பது நிக்கலின் படி. தென்மார்க்கு நாட்டில் நோஸ்கொவ் என்பாரும் அவரோடு சேர்ந்தாரும் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட கணிப்புக்கள், தனிக் காபனணு தளத்திலும் பார்க்கப் படியில் மிக உறுதியாகப் பிணைகின்றது என்பதையும், காபன் வலையின் ஓரம் படியோடு ஒட்டிக்கொண்டு வளரத் தொடங்குகின்றது என்பதையும் காட்டின. மெதேன் உடைதலும் படியிலேயே எளிது. எனவே தொழிலுக்கு வேண்டிய இடமும் கேடு தொடங்கும் இடமும் ஒன்றேயாயின. துணிக்கை மிகச் சிறியதாயின் அதன் படிகள் குறுகியவையாதலாற் கரு போதிய அளவு வளர்தற்கு இடம் பெறாது. சிறுதுணிக்கைகள் பெருந்துணிக்கைகளிலும் பார்க்கக் கரிபடிதலை எதிர்த்துநிற்றல் இதனால் விளக்கமுறுகின்றது.

கரு தோன்றியபின் வலை தளத்தின்மேற் படர்தற்கு நிக்கல் மிகவும் ஏற்றதாக அமைந்துள்ளது. காபன் வலையில் ஓர் அறுகோணத்தின் மையத்திலிருந்து அடுத்த அறுகோணத்தின் மையம் வரையுள்ள தூரம் 0.246 நனோமீற்றர். நிக்கலணுக்களின் இடைத்தூரம் 0.249 நனோமீற்றர் என்பது முன்னர்க் கூறப்பட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஒன்றளவே. பாயைத் தரைக்கென்றே அளந்து பின்னினாற்போலக் காபன் வலை நிக்கற்றளத்தின்மேற் பொருந்துகின்றது. அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகத்திற் பிளேக்கிலி என்பாரும் மாணவரும் 1974ஆம் ஆண்டில் இதனை அழகாகக் காட்டினர். காபன் கரைந்துள்ள நிக்கற்பளிங்கை மிகவுயர்ந்த வெப்பநிலையினின்று மெல்லக் குளிரவிட்டபொழுது, முதலில் மேற்பரப்பிற் காபன் அரிதாகவே இருந்தது. குறித்த வெப்பநிலையொன்றை அடைந்தவுடன் ஓரணு தடிப்புள்ள ஒரேயொரு தகடு முழுமையாகத் தோன்றிற்று. அதனினும் ஏறக்குறைய நூறு பாகை குளிர்ந்த பின்னரே பல தகடுகள் அடுக்கான காரீயம் வெளிப்பட்டது. முதற்றகடு நிக்கலின் பிணைப்பாற் பெறும் உறுதியே அவ்விடைவெளிக்குக் காரணம். பிற்காலத்தில், 2011ஆம் ஆண்டில், வருடல் நுணுக்குக்காட்டி கொண்டு ஆராய்ந்தோர் வேறொரு வழியையும் கண்டனர். வெப்பநிலை ஓரளவு தாழ்ந்திருக்குங்கால் மேற்பரப்பு முதலிற் காபைட்டால் மூடப்பட்டு, அக்காபைட்டே சிறிது சிறிதாகக் காபன் வலையாக மாறுகின்றது.

காபன் எப்பொழுதும் தளத்தின்மேற் படர்ந்து நிற்பதில்லை. சில வேளைகளில் நிக்கற்றுணிக்கையையே தூக்கிச் செல்கின்றது. இங்கிலாந்திற் பேக்கர் என்பாரும் உடனாய்வாளரும் 1972ஆம் ஆண்டில், அசற்றலீன் வாயுவிற் காய்ந்த நிக்கற்றுணிக்கைகளை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் உள்ளேயே வைத்து நோக்கினர். ஒவ்வொரு துணிக்கையின் பின்னும் மெல்லிய கரியிழை நீண்டு வளர்ந்தது. துணிக்கை இழையின் நுனியில் அமர்ந்து முன்னேறிற்று. துணிக்கையின் முன்முகத்தில் வாயு உடைய, காபன் கரைந்து பின்முகம் சென்று தகடுகளாக வெளிப்படுதலே இழையின் வளர்ச்சி என அவர்கள் கருதினர். வளர்ச்சிக்கு வேண்டிய ஏவற்சக்தி, நிக்கலினூடே காபன் பரவுதற்கு வேண்டிய ஏவற்சக்தியோடு ஒத்திருந்தமை அக்கருத்துக்குச் சான்றாயிற்று. தொழிற்சாலைக்கு இவ்விழைகள் மிகக் கொடியவை. நுனியில் நிக்கல் மறைபடாது நிற்றலால் இழை வளர்ந்துகொண்டே போகும். உருளைகளின் நுண்டுளைகளில் நிரம்பி அவற்றை உள்ளிருந்தே பிளக்கும்.

முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 2004ஆம் ஆண்டில், தென்மார்க்கின் தொப்சோ நிறுவனத்தில் ஹெல்வெக் என்பாரும் பிறரும் அதே காட்சியை அணுவளவிற் கண்டனர். மெதேனும் ஐதரசனும் கலந்த வாயுவில், 500 பாகைக்குச் சற்று மேற்பட்ட வெப்பநிலையில், சில நனோமீற்றர் அளவான நிக்கற்றுணிக்கை திண்மமாக இருந்தவாறே உருமாறிற்று. காபன் தகடுகள் அதனைச் சூழச் சூழ அது புழுப்போல நீண்டது. நீட்சி ஓரெல்லையை அடைந்ததும், ஒரு விநாடிக்கும் குறைந்த காலத்தில் உருண்டையாகச் சுருங்கிற்று. பின்னர் மீண்டும் நீண்டது. ஒவ்வொரு தகடும் தொடங்குமிடத்தில் நிக்கலின் மேற்பரப்பில் ஓரணு உயரமான படி புதிதாகத் தோன்றியதும், தகடு வளர வளர அப்படி நகர்ந்து மறைந்ததும் படத்திற் றெளிவாயின. காபன் தனக்கு வேண்டிய படியைத் தானே ஆக்கிக்கொள்கின்றது என்பது இதனாற் போந்த உண்மை. உலோகத்தினுள்ளே கரைந்து செல்லுதலன்றி, நிக்கலும் தகடும் சந்திக்கும் எல்லை வழியாகவும் காபன் செல்லக்கூடும் என்பதும் இவ்வாய்வின் கணிப்புக்களாற் புலப்பட்டது.

நோயின் மூலம் தெரியுமுன்னரே தொழிலறிஞர் பட்டறிவாற் சில மருந்துகளைக் கண்டிருந்தனர். அவற்றுள் எளியது நீராவியை மிகுத்தல். மெதேன் ஒன்றுக்கு நீர் ஒன்று போதுமெனக் கணக்குக் கூறினும், தொழிற்சாலையில் மூன்றளவு சேர்க்கப்படுவது ஒட்சிசன் போட்டியில் வெல்லுதற்பொருட்டே. அந் நீரை ஆவியாக்குதற்குரிய எரிபொருட் செலவு இதன் குறை. மற்றொன்று பொற்றாசியம். பெற்றோலியத்தின் இலகுவான பகுதியாகிய நப்தாவினின்று ஐதரசனைப் பெறுதற்கு, 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் ஐ.சீ.ஐ. நிறுவனத்தார் பொற்றாசியஞ் சேர்ந்த நிக்கலூக்கியைப் பயன்படுத்தினர். அது கரிபடிதலைக் குறைத்தது. ஆயின் ஊக்கியின் விரைவையும் குறைத்தது.

மூன்றாவது மருந்து கந்தகம். இது வியப்புக்குரியது, ஏனெனிற் கந்தகம் நிக்கலுக்குக் கொடிய நஞ்சென்பது யாவரும் அறிந்தது. இயற்கைவாயுவினின்று கந்தகத்தை முற்றாக நீக்கிய பின்னரே அதனை நிக்கலின்மேற் செலுத்துதல் வழக்கம். ஆயினும், தென்மார்க்கின் றொஸ்ற்றப் நீல்சன் என்பார், மேற்பரப்பின் ஏறக்குறைய 70 சதவீதத்தைக் கந்தகம் மூடியிருக்குமாறு அளந்து செலுத்தின், மெதேன் உடைதல் குறைந்தளவிலேனும் நடைபெற, கரிபடிதல் நின்றுவிடுகின்றது என்பதை 1980களிற் காட்டினார். மெதேனும் நீரும் தாக்கமுறுதற்குச் சில நிக்கலணுக்கள் அருகருகே வெறுமையாக இருத்தல் போதும். காபன் வலை கருக்கொள்ளுதற்கோ அதனினும் பெரிய வெறுமை வேண்டும். கந்தகம் இடையிடையே அமர்ந்து பெருவெளிகளைத் துண்டாடுகின்றது. அளவறிந்து இடின் நஞ்சும் காவலாதல் காண்க.

பொற்றாசியமும் கந்தகமும் நாடியமரும் இடம் நிக்கலின் படிகளே என்பது பின்னர் நடந்த ஆய்வுகளாற் றெளிந்தது. தனித்தனியே கண்டறியப்பட்ட மருந்துகள் ஒரே இடத்தைக் காத்து நின்றன. இத்தெளிவு மேலும் ஒரு மருந்தைத் தேர்தற்கு உதவிற்று. பொன்னும் நிக்கலும் உட்பகுதியில் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆயின் நிக்கலின் முதற்படையில் மட்டும் பொன்னணுக்கள் நிக்கலணுக்களின் இடத்திற் புகுந்து அமர்கின்றன. ஆகஸ் நகரப் பல்கலைக்கழகத்தார் வருடல் நுணுக்குக்காட்டியாற் கண்ட இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, தென்மார்க்கின் ஆய்வாளர் பலர் கூடி 1998ஆம் ஆண்டில் நிக்கலோடு மிகச் சிறிதளவு பொன் சேர்த்த ஊக்கியொன்றை ஆக்கினர். பியூற்றேன் வாயுவை நீராவியோடு செலுத்தியபொழுது, தனி நிக்கல் கரியேறி நிறைகூடியது. பொன் சேர்ந்த நிக்கல் கரியின்றி நின்றது. முன்னர் ஊக்கிகள் பல பொருள்களை மாறிமாறிக் கலந்து பார்த்தே கண்டுபிடிக்கப்பட்டன. அணுவின் இருப்பிடத்தை முதலிற் கண்டு, கணித்து, அதன்பின் ஊக்கியை ஆக்கிய முயற்சிகளுள் இது குறிப்பிடத்தக்கது.

ஒருசாரார் இவ்வாறு காபனைத் தடுக்க முயன்றிருக்க, மற்றொருசாரார் அதனையே விரும்பி வளர்க்கத் தொடங்கினர். காரீயத்தின் ஒற்றைத் தகடாகிய கிராபீனை மன்செசுற்றர் நகரிற் கைமும் நொவோசெலொவும் 2004ஆம் ஆண்டில் தனியே பிரித்தெடுத்து அதன் மின்னியல்புகளைக் காட்டினர். 2010ஆம் ஆண்டில் நோபெற் பரிசும் பெற்றனர். அகன்ற கிராபீன் தகடுகளை ஆக்கும் வழியைத் தேடியோர், ஊக்கியைக் கெடுக்கும் அக்கரியை நாடினர். கொரிய நாட்டாரும் அமெரிக்கரும் 2009ஆம் ஆண்டில் மெல்லிய நிக்கற்படலத்தின்மேல் மெதேனைச் செலுத்திக் குளிரவிட்டுக் கிராபீன் பெற்றனர். அதில் ஒரு குறை இருந்தது. உலோகத்தினுட் கரைந்த காபனும் குளிருங்கால் வெளிப்படுதலால், தகடுகள் சில இடங்களில் ஒன்றாகவும் சில இடங்களிற் பலவாகவும் அமைந்தன. செம்பிற் காபன் மிகமிகச் சிறிதளவே கரையும். ஆகவே அதே ஆண்டிற் செம்பின்மேற் கிராபீன் வளர்த்தோர் பெரும்பாலும் ஒற்றைத் தகட்டையே பெற்றனர். கரைதல் என்னும் ஒரு வேறுபாடு விளைவை எவ்வளவு மாற்றுகின்றது என்பதற்கு இது சான்று.

நிக்கலின் மேற் கிராபீன் வளரும் விளிம்பை, 2018ஆம் ஆண்டில் இத்தாலியின் திரியெசுத்தே நகர ஆய்வாளரும் அவர்தந் துணைவரும், 400 பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலையில், விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்களவான கால இடைவெளியில் வருடல் நுணுக்குக்காட்டியாற் கண்டனர். விளிம்பு மடங்கும் முடக்கிலே தனி நிக்கலணுவொன்று வந்து அமர்ந்தது, காபனணுக்கள் வலையிற் சேர்தற்கு உதவிற்று, பின் அகன்றது. தொழிற்சாலையிற் பல கோடி துணிக்கைகள் செய்யும் ஊக்கற்றொழிலை ஒரேயொரு அணு செய்து மறைதல் இவ்வாறு காணப்பட்டது.

மொண்டின் வால்வுகளிற் படிந்த கரியும் திரியெசுத்தேயிற் கண்ட கிராபீன் விளிம்பும் ஒரே செயலின் இரு காட்சிகள். காபனை மற்றையவற்றினின்று பிரித்தெடுத்துத் தன்மேல் தாங்குதல் நிக்கலின் இயல்பு. அவ்வியல்பு நன்மையுமன்று, தீமையுமன்று. காபனணு எங்கே நிற்கின்றது, அதனருகே வெறுமையாக எத்தனை இடங்கள் உள்ளன, அதனை முந்திப் பற்றுவது ஒட்சிசனா மற்றொரு காபனா என்பவற்றாலேயே அது உணவுக்கு உதவும் ஐதரசனையோ, குழாயைப் பிளக்கும் கரியையோ, மின்கருவிக்குரிய தகட்டையோ தருகின்றது. நிக்கலைக் குறைகூறி வேறு உலோகத்தை நாடினோர் உளர். உரோடியம், உருத்தேனியம் போன்றவை கரியை நன்கு எதிர்ப்பினும், அவற்றின் அருமையும் விலையும் பெருந்தொழிலுக்கு இடையூறாயின. ஆகவே நிக்கலோடு வாழப் பழகுதலே தொழிலறிஞர்க்கு உரியதாயிற்று. அதற்கு வழிகாட்டியது மேற்பரப்பு முழுவதையும் மாற்றும் முயற்சியன்று. ஓரணு உயரமான படியின் விளிம்பை உற்றுநோக்கி, அங்கே எதனை அமர்த்துவது என்பதை அறிந்துகொண்ட அறிவேயாகும்.